டைல்ஸ் பதிக்க வந்தவர்

அப்புத்தளையில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் முன்னறைக்கு டைல்ஸ் பதிக்க, தெமோதரையிலிருந்து ஒருவர் வந்தார். நெட்டையான மனிதர். காற்சட்டை இரண்டு முழங்காலிலும் வெளுத்துத் தேய்ந்திருந்தது. எதையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

தரையோடு ஒட்டிக்கிடந்த லினோலியம் விரிப்பின் ஒரு மூலையைக் கிழித்தார். அடியிலிருந்த கறுப்புப் பசையைச் சுரண்டித் தட்டியவர், "அக்கா, ஓடி வாங்க! சீமெந்து இல்லங்க, பலகைங்க!" என்று கத்தினார்.

நானும் என் கணவரும் ஓடிப்போய் மண்டியிட்டோம். தேன் நிறத்தில் மரம் தெரிந்தது. மூவரும் போட்டி போட்டுக்கொண்டு விரிப்பை உரித்தோம்.

"டைல்ஸ் வேணாங்க. இத மூடுனா பாவம்," என்றார் டைல்ஸ் பதிக்க வந்தவர்.

"அப்ப ஒங்க வேலை?"

"அத வேற வீட்டுல பாத்துக்கிறேங்க. இத தேய்ச்சு பொலிஷ் போட்டா எப்படி இருக்கும்னு பாக்கணுமே!"

தேய்ப்பதற்கும் அவரே எங்களோடு சேர்ந்துகொண்டார். மெருகேறிய தரையில் சன்னல் வெளிச்சம் விழுந்து மின்னியதும், கைபேசியில் மனைவியை வீடியோவில் அழைத்துக் காட்டினார்.

"நீங்க போட்டதா?" என்று அந்தப் பெண் கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது.

"இல்ல புள்ள, நான் போடாம விட்டது!"

செய்யாத வேலைக்காக ஒரு மனிதர் அவ்வளவு பெருமைப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.