பிங் போகுதே சார்

வடசென்னையில் கல்மண்டபம் பக்கம், துறைமுகத்தில் சரக்குக்கான காகித வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். தூசி துடைக்கவும் டோனர் மாற்றவும் போனவன் தலையில், கடைசியில் மெயில் சர்வரும் வந்து விழுந்தது. வேறெங்கே போனாலும் வாசலிலேயே சர்டிபிகேட் கேட்பார்கள். அதனால் சின்னக் கோளாறு என்றாலும் சரி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன்.

ஒருநாள் வெளிநாட்டுக் கப்பல் கம்பெனிக்கு அனுப்பிய மெயில்கள் மொத்தமும் திரும்பி வந்தன. மெயில் போய்ச் சேர்ந்ததும், அனுப்பிய சர்வரின் எண்ணை வைத்து 'இது யாருடையது?' என்று அந்தப் பக்கம் விசாரிப்பார்கள். பெயர் சொல்ல ஆளில்லை என்றால் குப்பை என்று தள்ளிவிடுவார்கள். ரிவர்ஸ் டிஎன்எஸ் என்பது இவ்வளவுதான். எங்கள் எண்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை எங்கள் சர்வருக்கு மாற்றிவிட வேண்டியது, அந்த எண்களைக் கொடுத்த இன்டர்நெட் கம்பெனி. இரண்டு வரி வேலை.

முதலாளி கூப்பிட்டார்.

"நைனா, கப்பல் பூடும், சரக்கு இங்கியே கெடக்கும். இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா மெயில வெளிய எவன்கிட்டயாவது குட்த்துருவேன். அப்பால உனக்கு இங்க இன்னா வேலை கீது?"

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"உங்க லிங்க் அப்ல இருக்கு சார். பிங் போகுதே?"

"பிங் போவுதுங்க. நான் கேக்கறது ரிவர்ஸ்..."

"எங்க டிஎன்எஸ் பர்ஃபெக்டா இருக்கு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

தினமும் வேறு வேறு குரல், அதே பாட்டு. எந்தப் புகார் போனாலும் அங்கே ஒரே வைத்தியம்: பிங் என்று எங்கள் லைனைத் தட்டிப் பார்ப்பார்கள், பதில் வந்தால் சாயங்காலம் புகாரை மூடிவிடுவார்கள். பல்வலி என்று போனவனின் நாடியைப் பிடித்து, உயிரோடுதானே இருக்கிறாய், போ என்று அனுப்புகிற கூட்டம். இதற்கு ஏசி அறை, கழுத்தில் அட்டை, பேச்சு முடிந்ததும் ஒரு நன்றி வேறு.

வார முடிவு நெருங்கியது. முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து, மோடத்துக்கு வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, லைன் செத்துவிட்டது என்று போன் போட்டேன். இப்போது தட்டினால் பதில் வராதல்லவா? யாராவது வந்து பார்த்துவிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரம்பூரிலிருந்து இன்டர்நெட் கம்பெனி லைன்மேன் பைக்கில் பறந்து வந்தார். தொங்கும் ஒயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னா மாமு, நீயே புடுங்கிட்டு என்னிய வெயில்ல அலைய வுடுறியா?"

"புடுங்கலன்னா உங்காளுங்க காது கொடுக்கமாட்றாங்கண்ணா. வேலை பூடும்ணா எனக்கு."

ரிவர்ஸ் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு, ஒயரைச் சொருகிக்கொண்டே சிரித்தார். எங்கள் போனிலேயே தலைமை ஆபீஸில் இருக்கும் தோஸ்துக்குப் போட்டார்.

"மச்சி, இந்தப் பார்ட்டிக்கு ரிவர்ஸ் இன்னாவோ வோணுமாம். அவங்க சர்வர் பொட்டிக்கே தள்ளி வுட்ரு. இல்லாங்காட்டி இந்தாளு டெய்லி ஒயரப் புடுங்குவான், நான்தான் லோலோன்னு வரணும்."

அத்தனை குரல்களாலும் முடியாதது, டீ ஆறுவதற்குள் முடிந்தது. அதைச் சாமர்த்தியம் என்றும் சொல்லமுடியாது. கூட்டாளி வெயிலில் அலையக்கூடாது என்று அங்கே ஒருவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

மறுநாள் மெயில் போனது. கப்பல் கம்பெனியிலிருந்து பதிலும் வந்தது. கூடவே எங்கள் முதலாளிக்கு இன்டர்நெட் கம்பெனியும் ஒரு மெயில் அனுப்பியிருந்தது: வாடிக்கையாளர் இடத்தில் ஒயர் கழன்றிருந்தது, சரி செய்யப்பட்டது, புகார் முடிக்கப்பட்டது.

முதலாளி அதைப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இத்தினி நாளா ஒரு ஒயருக்கா நைனா இந்தப் பேஜாரு? ஒயுங்கா சொருவ மாட்டியா?"

"இனிமே பாத்துக்கறேன் சார்" என்றேன். நடந்ததைச் சொன்னால் ஒயரை நானே பிடுங்கியதையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் இருந்த கடைசி நாள் வரை, காலையில் வந்ததும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி ஒயர் நல்லா கீதா என்பதுதான். நானும் அவர் கண்ணெதிரே போய் அதை ஒருமுறை அழுத்திவிட்டு வருவேன்.