மார்கழிக் காலையில் எழுந்திரிக்காத கம்ப்யூட்டர்

எழுபத்தொன்பது டிசம்பர்ல ஒரு நாள் என் மகன் பெலிக்ஸ் சோத்துத் தட்டைத் தள்ளி வெச்சுட்டான். "எனக்கு எதுவும் வேணாம்மா, என்னை விட்டுடு"ன்னான். இருபத்தி மூணு வயசுப் பிள்ளை. அன்னியிலேருந்து நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் திரிஞ்சேன்.

என் பேரு பிலோமினா. சாந்தோம்ல குடியிருக்கோம். ஜன்னலைத் திறந்தா கடல்தான். எனக்கு மார்க்கெட்ல பேசிப் பழக்கம், இப்படிக் கோயில் கூட்டத்துல சாட்சி சொல்லிப் பழக்கமில்ல. குரல் ஓங்கினா கோவிச்சுக்காதீங்க. மாதா எனக்குச் செஞ்சதை உங்ககிட்ட சொல்லாம இருந்தா நான் மனுஷியே இல்ல.

பெலிக்ஸுக்குச் சின்னதுல இளம்பிள்ளை வாதம் வந்து ரெண்டு காலும் போச்சு. படிப்புல ரொம்பக் கெட்டி. ஆனா மாடிப்படி இல்லாத ஆபீஸ் எங்கே இருக்கு? இன்டர்வியூவுக்குப் போவான், படியைப் பாத்துட்டுத் திரும்பி வருவான். இதைப் பாத்துட்டுத்தான் அமெரிக்காவுல இஞ்சினியரா இருக்கற என் தம்பி, லீவுல வந்தப்ப ஒரு சின்ன கம்ப்யூட்டரைக் கொண்டாந்து குடுத்தான். ஒரு பெட்டி, அதுக்குள்ள வரிசையா சொருகின அட்டைங்க, முன்னால டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக் கட்டைங்க. டி.வி.யோட சேர்த்துவிட்டா அதுல எழுத்து வரும். "அக்கா, இதைக் கத்துக்கிட்டா அவன் உக்காந்த இடத்துலயே சம்பாதிக்கலாம்"னு சொல்லிட்டு பிளேன் ஏறிட்டான். பெலிக்ஸும் புத்தகத்தைப் பாத்துப் பாத்தே கத்துக்கிட்டான். பிள்ளை முகத்துல அப்பத்தான் வெளிச்சம் வந்துச்சு.

தி.நகர்ல ஜவுளிக்கடை வெச்சிருக்கற அண்ணாச்சி ஒருத்தர், எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவர். எந்தச் சேலை எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு மிஷின் சொல்லுமான்னு பாக்க வந்தார். கடை திறக்கறதுக்கு முன்னாடி, காலங்காத்தால வந்தார். பெலிக்ஸ் சுவிட்சைப் போட்டான். சிவப்பு விளக்கு எரிஞ்சுது. டி.வி.யில அரிசியைக் கொட்டின மாதிரி வெறும் புள்ளி. அணைச்சான், போட்டான். திரும்பவும் அதே அரிசி.

அண்ணாச்சி காபியைக் குடிச்சுட்டு எழுந்தார். "பரவால்ல தம்பி. பொங்கல் யாவாரம் சூடு பிடிக்கதுக்கு முன்ன இன்னொரு நா காலையில வாறேன். அன்னைக்கும் ஓடலைன்னா விட்டுருவோம், என்ன?" நல்ல மனுஷன். ஆனா அந்த 'விட்டுருவோம்' என் நெஞ்சுல முள்ளாத் தெச்சுது.

கேளுங்க கூத்தை. அதே மத்தியானம் அந்த மிஷின் ஜம்முனு ஓடுச்சு! மறுநாள் காலையில திரும்பவும் செத்துப்போச்சு. பெலிக்ஸ் பிளக்கை மாத்தினான், பியூஸைப் பாத்தான், அட்டைங்களைக் கழட்டிக் கழட்டி மாட்டினான். காலையில வோல்டேஜ் கம்மியா இருக்கும்னான். தெரிஞ்சவங்ககிட்ட ஸ்டெபிலைசர் வாங்கி வெச்சோம். ஊஹூம். அமெரிக்காவுக்கு லெட்டர் போட்டான். அது போய்ப் பதில் வர்றதுக்குள்ள பொங்கலே வந்துடும். மத்தியானம் வரச் சொல்லலாம்னா, அண்ணாச்சி அந்த நேரத்துல கடையை விட்டு நகர முடியாது.

நான் என்ன பண்ணுவேன்? மீன் கெட்டுப்போச்சான்னா செவுளைத் தூக்கிப் பாத்துச் சொல்லிடுவேன். இந்தச் சனியனுக்குச் செவுள் எங்கே இருக்கு? அவன் பக்கத்துல நின்னு விசிறத்தான் முடிஞ்சுது. எங்க வீட்டுக்காரர் துறைமுகத்துல பிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவரே "எனக்கு இஞ்சின்தான் தெரியும், இது தெரியாது"ன்னு ஒதுங்கிட்டார். அவர் எப்பவும் அப்படித்தான். பிள்ளைக்குக் கால் போனதிலேருந்து அவனை நேருக்கு நேர் பாக்க மாட்டார்.

ஒரு நாள் பெலிக்ஸ் மிஷினைத் தட்டிக் காட்டிச் சொன்னான்: "இதுவும் என் காலு மாதிரிதாம்மா. எல்லாம் இருக்கு, எழுந்திரிக்க மாட்டேங்குது." அன்னிக்குத்தான் சோத்துத் தட்டைத் தள்ளினான். அப்புறம் ஜன்னல் பக்கம் உக்காந்து கடலையே பாத்துக்கிட்டிருந்தான். பெத்தவளுக்குத் தெரியும் அந்தப் பார்வை. அவனைத் தனியா விட்டுட்டுக் கடைக்குக்கூட நான் போகல.

மாதாகிட்ட சண்டையே போட்டேன். மெழுகுவத்தி ஏத்தினேன், செபமாலை சொன்னேன், வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னேன். அந்த வயரைச் சரி பண்ணு, வோல்டேஜை ஏத்துன்னு அவளுக்கே வேலை சொல்லிக் குடுத்தேன். ஒண்ணும் நடக்கல.

அண்ணாச்சி வர்றேன்னு சொன்ன நாள் வந்துச்சு. விடிஞ்சதும் பெலிக்ஸ் சுவிட்சைப் போட்டான். அரிசி. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நான் மாதா படத்துக்கு முன்னால பொத்துனு உக்காந்தேன். செபம்கூட வாயில வரல. "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல. நீயும் பிள்ளை பெத்தவதானே. என் பிள்ளையைக் காப்பாத்து"ன்னு அழுதேன். அவ்வளவுதான்.

கண்ணைத் துடைச்சுக்கிட்டு, வழக்கம்போல அவன் காலுக்குத் தேய்க்கத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்தேன். மார்கழிக் குளிருக்கு எண்ணெய் வெள்ளை வெளேர்னு உறைஞ்சு கிடந்துச்சு. இருந்த ஆத்திரமெல்லாம் வீட்டுக்காரர் மேல பாஞ்சுது. "ஏங்க, எண்ணெய் கல்லாக் கிடக்கு, வெயில்ல வைக்கக்கூட இந்த வீட்ல ஒரு ஆளு இல்லையா?"ன்னு கத்தினேன்.

மனுஷன் பாட்டிலைப் பாத்தார். மிஷினைப் பாத்தார். முகம் வெளுத்துப்போச்சு. "பிலோ... அந்த அட்டைங்களைச் சொருகற காலுக்கெல்லாம் நான் இந்த எண்ணெயைத்தான் தடவியிருக்கேன்."

கடலோரத்துல குடியிருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. உப்புக்காத்துக்கு எல்லாம் துரு ஏறும். கேட்டுக் கீலு, தையல் மிஷின், டிரங்குப் பெட்டி, எல்லாத்துக்கும் எண்ணெய் போடுவோம். பிள்ளை தூங்கறப்ப, அவன் மிஷின் துருப்பிடிச்சுடக் கூடாதேன்னு இவர் அட்டைங்களைக் கழட்டி ஒவ்வொண்ணா எண்ணெய் தொட்டு வெச்சிருக்கார்!

பெலிக்ஸ் துள்ளினான். "அதான்! மத்தியானம் உருகுது, காலையில உறையுது. உறைஞ்சா கரண்ட் எப்படிப் போகும்? அம்மா, யுடிகோலன் இருக்கா? அதுல இருக்கற ஸ்பிரிட் எண்ணெயை எடுத்துடும்!" காய்ச்சலுக்கு நெத்தியில போடற பாட்டிலை அப்படியே குடுத்தேன். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஒவ்வொரு அட்டையாத் துடைச்சு, அதைச் சொருகற இடத்தையும் துணி சுத்தின ஈர்க்குச்சியால துடைச்சுக் காய வெச்சாங்க. வீடு பூரா காய்ச்சல்காரன் ரூம் மாதிரி வாசனை. சொருகினாங்க. சுவிட்சைப் போட்டான். அரிசியெல்லாம் மறைஞ்சு, எழுத்து வந்துச்சு. நான் "மாதாவே!"ன்னு போட்ட கூச்சல்ல எதிர்வீட்டுக்காரங்க ஓடி வந்துட்டாங்க.

அண்ணாச்சி வந்தார். எந்தச் சேலையைக் கேட்டாலும் மிஷின் சொல்லுச்சு. "அடேயப்பா! நாளையிலேருந்து விவரம் அனுப்புதேன் தம்பி, நீயே பாத்துக்கோ"ன்னார். பெலிக்ஸ் இன்னிக்கு வரைக்கும் அந்த வேலையைத்தான் செய்யறான். உக்காந்த இடத்துலேருந்து எங்களுக்குச் சோறு போடறான்.

அண்ணாச்சி போனப்புறம் பாத்தா வீட்டுக்காரரைக் காணோம். கொல்லைப்பக்கம் நின்னு அழுதுக்கிட்டிருந்தார். "எல்லாம் என்னாலதான்"னார். பெலிக்ஸ் உள்ளேருந்து கூப்பிட்டான்: "அப்பா, இங்க வாங்க. மிஷினுக்கு இனிமே எண்ணெய் வேணாம். என் காலுக்கு நீங்க போட்டு விடுங்க."

இத்தனை வருஷத்துல அவர் அந்தக் காலைத் தொட்டதே இல்ல. அன்னிக்குக் கீழ உக்காந்து, மடியில வெச்சுத் தேய்ச்சார். நான் கேட்டது ஒரு மிஷின். மாதா என் பிள்ளைக்கு அவன் அப்பாவையும் சேர்த்துக் குடுத்துட்டா.

இங்கேயும் யாராவது ஒண்ணும் புரியாம, கை பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. வெக்கப்படாதீங்க. எனக்குத் தெரியலம்மான்னு அவகிட்ட சொல்லி அழுங்க. எனக்குச் செஞ்சவ உங்களைக் கைவிட மாட்டா.