கூடிப்போன அரை இஞ்ச்

எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பதினெட்டு வருடமாகச் சட்டைக் கம்பெனியில் துணி வெட்டுகிறாள். அவள் மகள் படிக்கும் பள்ளியில், கம்ப்யூட்டர் வகுப்பை நிறுத்திவிட்டு அந்த நேரத்தையும் கணக்குக்கே கொடுத்துவிடலாமா என்று பெற்றோரை அழைத்துக் கேட்டார்கள்.

"முதல்ல கூட்டிக் கழிக்கக் கத்துக்கட்டும். மிஷினை அப்புறம் தட்டிக்கலாம்" என்றார் ஒரு மருந்துக்கடைக்காரர். பலர் தலையாட்டினார்கள்.

அக்கா எழுந்தாள். "அண்ணே, எனக்குக் கூட்டிக் கழிக்க நல்லாவே தெரியும். போன மாசம் சட்டை அளவைக் கம்ப்யூட்டர்ல போட்டேன். தையலுக்கு அரை இஞ்ச் வழக்கம்போல நானே சேர்த்துட்டேன். அதுவும் தன் பங்குக்கு அரை இஞ்ச் சேர்க்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தரலை. மாமியாரும் மருமகளும் ஒரே சட்டியில உப்புப் போட்ட கதைதான். நாப்பது சட்டை தொளதொளன்னு வந்துச்சு."

கூட்டம் சிரித்தது.

"அப்போ மிஷின் தெரிஞ்சா போதுமா?" மருந்துக்கடைக்காரர் விடவில்லை.

"எப்படிப் போதும்? பக்கத்து மேஜைப் பொண்ணுக்கு மிஷின் தண்ணி பட்ட பாடு. அவ ஸ்கிரீனைப் பார்த்து எல்லாம் சரின்னா. நான் டேப் வச்சு அளந்துதான் தப்பைக் கண்டுபிடிச்சேன். எங்க ரெண்டு பேரையும் சேர்த்தாதான் ஒரு ஆள் ஆகுது. என் பொண்ணு தனியாவே முழு ஆளா வரட்டும்."

தலைமையாசிரியை கை தூக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் வகுப்பு தப்பியது.

வெளியே வரும்போது மருந்துக்கடைக்காரர் தன் சட்டைத் தோளை இழுத்துப் பார்த்தபடி, "ஏம்மா, அந்த நாப்பதுல இது ஒண்ணா?" என்றார்.

"இல்லண்ணே. அதையெல்லாம் அப்பவே பிரிச்சுத் தைச்சாச்சு. நீங்கதான் இளைச்சிருக்கீங்க."