அத்தை விட்டுவைத்த வெள்ளை

மாரண்டஹள்ளியில் யாரும் கம்ப்யூட்டரைக் கண்ணால்கூடப் பார்த்திராத காலத்தில், என் அத்தை அதற்குத் தமிழ் எழுத்து வரைந்துகொண்டிருந்தார். பெங்களூரில் ஒரு ஆபீஸில் வேலை. அந்த வேலைக்கு அங்கே வேறு ஆளே இல்லையாம். கண்வலி என்று லீவு போட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர், கட்டம் போட்ட தாள்களையும் கூடவே தூக்கிவந்துவிட்டார். என்னை அஞ்சாவதோடு நிறுத்தியிருந்த வருஷம் அது.

தாளை முகத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகக் கறுப்பு மை நிரப்புவார். எழுத்து வளைகிற மூலையில் மட்டும் ஒரு கட்டத்தை வெள்ளையாக விட்டுவிடுவார்.

அப்பா கடைகளுக்கு போர்டு எழுதுகிறவர். "என்னம்மா இது, எலி கடிச்ச மாதிரி?" என்றார்.

"சின்னதா அச்சடிச்சா மை பரவி மூலை அடைச்சுக்கும்ணா. எழுத்து மூச்சு வுட எடம் வேணும். படிக்கறவங்களுக்கு அந்த வெள்ளதான் வழி காட்டும்."

"உன் எழுத்துக்கு ஆஸ்துமாவா?"

அத்தையும் சிரித்தார்.

தாள்களை வாங்கிப்போக ஆபீஸிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்தால்தான் வேலை நிலைக்கும். முந்தின நாள் மத்தியானம், அத்தை கண்மேல் ஈரத்துணி போட்டுப் படுத்திருந்தபோது, அப்பா தன் மெல்லிய பிரஷை எடுத்தார்.

"வர்றவன் பாத்தா, கண்ணு தெரியாம வுட்டுட்டாள்னு நெனச்சுக்குவான்" என்று அம்மாவிடம் முணுமுணுத்தபடி, ஒவ்வொரு வெள்ளைக் கட்டத்தையும் கோடு தாண்டாமல் அழகாக அடைத்தார்.

மறுநாள் வந்தவர் தாள்களைப் புரட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"மூலையெல்லாம் அடைச்சுட்டீங்களா மேடம்?"

"அடைக்கலைங்களே. நேத்து காலைலகூட ஒண்ணொண்ணாப் பாத்தேன். இங்க பாருங்க, வெள்ளையாத்தான இருக்குது" என்று அத்தை தாளை வாங்கி முகத்தருகே கொண்டுபோய், கறுத்துக்கிடந்த மூலைமேல் விரலை வைத்தார்.

அந்த ஆள் விரலைப் பார்த்தார். பிறகு அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க மேடம், இருக்குது" என்று மெதுவாகச் சொல்லித் தாள்களைச் சுருட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த ஆபீஸிலிருந்து யாரும் வரவில்லை.

தன் அண்ணனைக் காட்டிக்கொடுக்காமல் அத்தை எவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எதற்காகக் கொல்லைக்குப் போய் சுவரோரம் உட்கார்ந்து வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார் என்பதுதான் விளங்கவில்லை.