பார்த்திராத துப்பாக்கிக்கு நான் சொன்ன தோட்டா

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு வாரம் அது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம், எந்த அளவுத் தோட்டா போடலாம் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், அப்போது அதுதான் என் வேலை.

அந்த நாட்டில் ஏழெட்டுக் கிளைகள் உள்ள ஒரு கடை. கூடாரம், தூண்டில், வேட்டைச் சாமான் எல்லாம் விற்பார்கள். அவர்களுடைய இணையதளத்தில் யாராவது சந்தேகம் கேட்டால், கம்ப்யூட்டரில் தட்டிப் பதில் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் அவர்களுக்கு அப்போதுதான் பொழுது விடியும். எனக்கு அந்த நாட்டு ஆள் பெயர் ஒன்றும் வைத்திருந்தார்கள். பாதிப் பேர் என்னை ஆம்பிளை என்று நினைத்து 'சார்' போட்டார்கள். நானும் திருத்தவில்லை.

என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். மானை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், பள்ளிச் சுற்றுலாவில், கிண்டியில், கம்பிக்கு அந்தப் பக்கம். துப்பாக்கியை வங்கி வாசலில் காவலாளி தோளில் பார்த்ததோடு சரி. நம் ஊரில் மானைச் சுட்டால் ஜெயில். ஆனால் இரண்டு நாள் வீடியோ பயிற்சி முடிந்ததும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிவைத்துக்கொண்டேன். 243 என்றால் தோளில் உதை குறைவு, 270 என்றால் தூரமாகப் போகும், 308 என்றால் எல்லாக் கடையிலும் கிடைக்கும். துப்பாக்கிக் குழலின் உள்வாய் எவ்வளவு அகலம் என்பதைத்தான் அந்த எண்கள் சொல்கின்றன என்பது பயிற்சியில் ஒரு ஸ்லைடில் வந்தது. அதைத் தாண்டி நான் யோசிக்கவில்லை. யோசிக்காமலேயே வாடிக்கையாளர்களிடம் வாரா வாரம் அதிக நட்சத்திரம் வாங்கினேன்.

அப்படி ஒரு அம்மா முதல் தடவை சாட்டில் வந்தது மழை தொடங்குவதற்கு முன்னால். ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி டியூட்டி. கணவர் வேட்டைக்காரர், இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பதினைந்து வயது மகள், அப்பா போன மாதிரி தானும் மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். தோழியின் குடும்பம் கூட்டிக்கொண்டு போகிறதாம். அப்பாவின் துப்பாக்கி அவளுக்குக் கனம், உதையும் அதிகம். தனக்கு இதில் ஒன்றுமே தெரியாது, எந்த அளவு வாங்கலாம் என்று கேட்டார். எனக்கும் ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரியாது.

நான் நோட்டைப் புரட்டினேன். சின்ன உடம்புக்கு 223 போதும், அவர்கள் மாநிலச் சட்டமும் அதை அனுமதிக்கிறது. உதையே இருக்காது என்று அடித்துச் சொன்னேன். வாங்கினார். அந்த யோசனையில் தப்பில்லை என்று பிறகு விஷயம் தெரிந்தவர்களும் சொன்னார்கள். தப்பு அடுத்ததில்.

வேட்டைக்காலம் சனிக்கிழமை தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை அந்த அம்மா மறுபடி வந்தார். தோட்டா வேண்டும். மானுக்கென்று தனித் தோட்டா உண்டு, அது 223-ல் ஒரு பெட்டிகூட இருப்பில் இல்லை. சீசன் நேரம், காலியாகிவிட்டது.

இங்கே என் வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. என்னைப் பெற்ற அத்தா பெரிய மார்க்கெட் பக்கத்தில் செருப்புக் கடை வைத்திருந்தார். இப்போது அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். படித்த நேரம் போக நான் வளர்ந்ததே அந்தக் கல்லாவுக்குப் பக்கத்தில்தான். வந்த ஆளை 'இல்லை' என்று சொல்லி அனுப்பக் கூடாது, அதுதான் எங்கள் கடை வழக்கம். எட்டாம் நம்பர் இல்லையா, ஏழாம் நம்பரை எடுத்துப் போடு. நாலு நாள் போட்டால் தோல் விரிந்து கொடுக்கும் என்று சொல்லு. எனக்கு அது ரத்தத்திலேயே ஊறிப்போன விஷயம்.

அதனால் தேடினேன். 300 என்று ஒரு வகை கிடைத்தது. அதன் பக்கத்தில், 223 தோட்டாவின் மருந்து அடைக்கிற பித்தளைக் கூட்டை வைத்தே இதைச் செய்கிறார்கள், தோட்டா அடுக்கும் மேகசினும் அதேதான், குழல் மட்டும் வேறு என்று போட்டிருந்தது. குண்டு கனமானது, மானுக்கு ஏற்றது என்றும் இருந்தது. 'குழல் மட்டும் வேறு' என்பதைப் படித்த ஞாபகம் எனக்கு இன்னும் இருக்கிறது. பொருட்படுத்தவில்லை. அதே குடும்பம், அதே மேகசின், மானுக்கு இன்னும் நல்லது, நாளை மறுநாள் வீட்டுக்கு வந்துவிடும் என்று எழுதினேன். அந்த அம்மா நன்றி சொல்லி, ஐந்து நட்சத்திரம் போட்டு, ஒருவழியாக விஷயம் தெரிந்த ஆளிடம் பேசினேன் என்று ஒரு வரியும் எழுதிவிட்டுப் போனார். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மகள் அட்டையில் சுட்டுப் பழகப் போகிறாள் என்று போகிற போக்கில் சொன்னார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு சிடுமூஞ்சி மனிதர் சாட்டில் வந்தார். அவர் வீட்டில் 223-ம் இருக்கிறது, 300-ம் இருக்கிறது. இரண்டு மேகசினிலும் வேறு வேறு கலரில் பட்டை போட வேண்டும், அப்படி ஏதாவது விற்கிறீர்களா என்று கேட்டார். கலந்துபோனால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியுமே என்றார். நான் 'தெரியும், தெரியும்' என்று தட்டிவிட்டு, பட்டையை விற்றுவிட்டு, அப்புறம்தான் என்ன ஆகும் என்று தேடிப் பார்த்தேன்.

முதல் படத்திலேயே துப்பாக்கிக் குழல் வாழைப்பழத் தோலை உரித்த மாதிரி பிளந்து கிடந்தது. 300-ன் குண்டு பெரியது. 223-ன் குழல் சின்னது. ஆனால் கூடு ஒன்றாக இருப்பதால் தோட்டா உள்ளே போய்க் கச்சிதமாக உட்கார்ந்துவிடுமாம். விசையை இழுத்தால் குண்டு வெளியே போக வழியில்லாமல், மொத்த வேகமும் சுடுகிறவர் முகத்துக்கு, கண்ணுக்கு நேரே வெடிக்குமாம். செருப்பாக இருந்தால் கால் நுழையாது, அங்கேயே தெரிந்துவிடும். இது நுழைந்துவிடுகிறது.

அந்த அம்மாவின் ஆர்டரைத் தேடி எடுத்தேன். முந்தின நாளே 'ஒப்படைக்கப்பட்டது' என்று பச்சையில் காட்டியது. அவர்கள் ஊரில் அப்போது காலை ஒன்பது மணி. மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். மூன்று மணிக்கு மேல் வந்துவிடுவாள். அவசரம், அந்தத் தோட்டாவைத் தொடாதீர்கள் என்று ஒரு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. ராத்திரி டியூட்டி முடிந்து வந்தவர் போனை அணைத்துவிட்டுத் தூங்குவார் என்பது எனக்குப் புரிந்தது.

எங்கள் டீம் லீடருக்குப் போன் போட்டேன். விழுப்புரத்துப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"அக்கா, நீங்க டென்ஷன் ஆவாதீங்க. கம்ப்ளெயின்ட் டிக்கெட் போட்டுட்டேன். நாளைக்குள்ள அந்த ஊரு டீம் பாத்துடுவாங்க."

"நாளைக்காப்பா? அந்தப் பொண்ணு இன்னிக்கே சுடப் போவுது!"

"நாம நேரா போன் பண்ணக் கூடாதுக்கா. ரூல் தெரியும்ல? வேலைக்கே ஒல வச்சுடுவாங்க."

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவன் சொன்னான். எனக்கும் அந்த வேலை தேவைதான். என் பெரிய மகளின் பள்ளிக் கட்டணம் அதில்தான் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கும் அப்போது பதினாலு வயது.

அடுத்து என் வீட்டுக்காரருக்கு அடித்தேன். கடையில் யாருக்கோ செருப்பு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே சொன்னதை முழுக்கக் கேட்கக்கூட இல்லை.

"மாத்திக் குடுத்துட்டா ஆள அனுப்பித் திரும்ப வாங்கிட்டு வர்றதுதான? அந்த ஊர்ல அவங்க கடைல ஆளே இல்லியா?"

"வேலை போயிடும்ங்க."

"போனா போவுது. நம்ம கடைல வந்து உக்காரு. மொதல்ல போனப் போடு."

கடையிலிருந்து ஆளை அனுப்பலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆர்டரில் இருந்த ஊருக்கு எது பக்கத்துக் கிளை என்று பார்த்து, இணையதளத்தில் இருந்த நம்பருக்கு என் சொந்த போனிலிருந்து அழைத்தேன். வெளியே மழை சத்தம். அந்தப் பக்கம் சீசன் கூட்டத்தின் சத்தம். கரகரத்த குரலில் ஒரு ஆள் எடுத்தார். எழுதும்போது ஓடுகிற என் இங்கிலீஷ் பேசும்போது காலை வாரிவிட்டது. இரண்டு தடவை என்ன, என்ன என்று கேட்டார். மூன்றாம் தடவை எண்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவளிடம் இருக்கும் துப்பாக்கி இரண்டு, இரண்டு, மூன்று. நான் அனுப்பிய தோட்டா மூன்று, சைபர், சைபர். பதினைந்து வயதுப் பெண்.

திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். விலாசம் என்ன என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அந்தத் தெரு தெரியும், நானே போகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார். என் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் நான் வேலை பார்த்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். கூடாரத்துக்கு ஆணி எத்தனை வரும், காலுறை துவைத்தால் சுருங்குமா என்று கேட்டார்கள். பதில் சொன்னேன். நடுவில் கரன்ட் போய், இன்வெர்ட்டர் கீச்கீச் என்று கத்தியது. கண் மட்டும் அந்த ஆர்டருக்குக் கீழே கிளைக்காரர்கள் செய்தி போடும் மூலையை விட்டு அசையவில்லை.

வந்தது. நாலு வரி. கதவைத் தட்டித் தட்டி அந்த அம்மாவை எழுப்பிவிட்டார். துப்பாக்கி பூட்டின அலமாரியில் இருந்தது. ஆனால் மகள் காலையில் பள்ளிக்குப் போவதற்கு முன்னாலேயே மேகசினில் ஐந்து தோட்டா அடுக்கி, சமையலறை மேசையில் தயாராக வைத்துவிட்டுப் போயிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று முடித்திருந்தார்.

தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தவள் மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா, பயமா, வெட்கமா என்று கேட்டால் எல்லாம்தான். பெரியவள் வந்து, இன்னாம்மா ஆச்சு என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த அம்மா சாட்டில் வந்து என்னைத்தான் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்கள் துப்பாக்கி சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். 'ஆமாம்' என்று தட்டி, அழித்தேன். பிறகு உள்ளதை எழுதினேன். தொட்டதுகூட இல்லை, எங்கள் நாட்டில் மான் வேட்டையே இல்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். திரையில் அவர் தட்டுவதும் நிறுத்துவதுமாக ரொம்ப நேரம் புள்ளிகள் ஓடின. கடைசியில் வந்த பதிலில் கோபம் இல்லை.

தெரியாது என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் வேறு யாரையாவது கேட்டிருப்பேனே, என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்து, எங்கள் கம்பெனி எடுத்துச் செய்யும், திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் விற்கிற வேறொரு கடைக்கு என்னை மாற்றிவிட்டார்கள். அங்கே இப்போது ஒரு விஷயம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுகிறேன், கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன். அதற்கு மக்கள் நட்சத்திரத்தைக் குறைத்துத்தான் போடுகிறார்கள். டீம் லீடர் மாதம் ஒரு தடவை அதைப் பற்றி முகம் சுளிப்பான்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினெட்டு வயது ஆகியிருக்கும். அந்த வருடம் அவள் மான் சுட்டாளா, வேட்டைக்குப் போனாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்று சொல்ல வரும்போது என் விரல் இப்போதும் ஒரு நிமிடம் தயங்கும். அவளுடைய இரண்டு கண்ணையும் நினைத்துக்கொண்டு தட்டிவிடுவேன்.