சிரிக்கக் கூடாத உதடு

மகளின் உதட்டு வெடிப்புக்கு வீட்டிலேயே லிப் பாம் செய்ய ஷியா வெண்ணெயா, கோக்கோ வெண்ணெயா என்று புரியாமல், மேதையாகிய நான் நெய்யை உருக்கினேன்.

"ஐயே அப்பா, பரோட்டாக் கடை ரொட்டி சானாய் வாடைலா!" என்று ஓடிவிட்டாள்.

அதே வாடைதான் பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் பலகை வீட்டு அடுப்படியிலும் இருந்தது. இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்கள். சிறுநீரகம் கெட்ட அம்மாவுக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்போம். அதனால் உதடு பாளம் பாளமாக வெடித்திருக்கும், வீட்டுக் கோமாளி நான் வாயைத் திறந்தால் சிரிப்பாள், சிரித்தால் ரத்தம் கசியும்.

"உன் ஜோக்கெல்லாம் மூடி வைலா," என்பார் அப்பா.

அந்தத் தடையை நீக்கத்தான் வைத்தியனானேன். தேங்காய் எண்ணெய் அந்த ஊர் வெக்கையில் கழுத்துவரை வழிந்தது, நல்லெண்ணெய் அவளுக்குக் குமட்டியது, வாசனைக்கென்று ஜாதிக்காய்த் தைலம் கலந்து பூசியபோது கண்ணில் நீர் முட்ட, "வாசமா இருக்கு தம்பி" என்றாள். கடைசியில் நெய்தான் நின்றது, எறும்புகளோடு.

வெடிப்பு மூடிய அன்று, "இப்ப சொல்லுடா, சிரிக்கிறேன்" என்றாள். வீங்கிப்போயிருந்த அந்த முகத்தைப் பார்த்த எனக்கு ஒன்றுமே வரவில்லை.

"சரி, நாளைக்குச் சொல்லு" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாளுக்கு ஏழு ஜோக் தயார்செய்தேன். ஒன்றைக்கூடக் கேட்க அவள் கண்ணைத் திறக்கவில்லை.