தலையாட்டிக் கொடுத்த சம்மதம்

சாரம் ஊர்க்கார வடிவேல் ஆலையில் தறி ஓட்டியவர். அத்தனை தறிகள் ஒரே கூரைக்கடியில் அடிக்கிற இடத்தில் காதை யாரும் நம்புவதில்லை. உதட்டைப் பார்த்தே சண்டை போடுவார்கள், உதட்டைப் பார்த்தே கல்யாணமும் பேசி முடிப்பார்கள். அதனால் அங்கே இருந்தவரை தம் காது போய்விட்டதே அவருக்குத் தெரியாது. வெளியே வந்தால்தான் ஊரார் பேச்செல்லாம் முணுமுணுப்பாகக் கேட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன அந்த ஊரில், பிரான்சா இந்தியாவா, எந்தக் குடியுரிமை என்று ஜனங்கள் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்த அறுபத்திரண்டில், வடிவேலின் மகள் சந்திரகலாவைத் தன் பையனுக்குப் பெண் கேட்டார் சக்கரபாணி. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன்காரர். பேசி முடிக்க எல்லோரையும் மார்க்கெட் பக்கத்து ஓட்டலுக்கே வரச் சொன்னார்.

"செவுட்டு அப்பன்னு தெரிஞ்சா பரம்பரை வியாதின்னுடுவாங்க. என்னா கேட்டாலும் சும்மா தலைய ஆட்டு" என்று மனைவி அஞ்சலாட்சி வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஓட்டலில் இடம் கிடைத்தது ரேடியோவுக்கு நேர் கீழே. பக்கத்தில் சமையல்கட்டுக் கதவு. தட்டும் தம்ளரும் மோத, வடிவேலின் மண்டைக்குள் தகரம் உருண்டது. சக்கரபாணி சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததால் அவர் முகமே இருட்டு. போதாததற்கு, மேலுதட்டை மூடிய மீசை வேறு. அந்த மீசை அசைந்தபோதெல்லாம் வடிவேல் சிரித்துத் தலையாட்டினார். ஒரு தடவை சக்கரபாணி எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். இவரும் குலுக்கினார். வடை நன்றாயிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அஞ்சலாட்சி தலையில் அடித்துக்கொண்டாள். முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"என்னாய்யா மனுசன் நீ! மாப்ள பிரான்சுன்னு எழுதிக் குடுத்துட்டாராம். கல்யாணம் முடிஞ்சதும் பொண்ண கப்பல்ல அனுப்பிடலாமான்னு கேட்டாரு. பல்லக் காட்டிக்கிட்டு ஆட்டுற!"

"நீதானடி ஆட்டச் சொன்ன!"

"இதுக்குமா ஆட்டுவ?"

"நீ தடுத்திருக்கக் கூடாதா?"

"நீங்க ரெண்டு பேரும் கையக் குலுக்கிட்டீங்க. அதுக்கப்புறம் எழுந்து நின்னு, எம் புருசன் செவுடுன்னு சொல்லவா?"

அப்போதுதான் வடிவேலுக்கு உறைத்தது. ஒரே மகள். கடல் தாண்டி. அவளைக் கைகுலுக்கிக் கொடுத்துவிட்டு, இன்னொரு வடையும் கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார். அன்றைக்கெல்லாம் சோறு உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் கூட்டம் வடிந்த பிற்பகலாகப் பார்த்து, சக்கரபாணியையும் மகளையும் அதே ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். ரேடியோவுக்கு எட்டாத மூலை மேசை. இந்த முறை தாம் சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி அவர்களை எதிரே உட்காரவைத்தார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. தறிச் சத்தம் தின்னுடுச்சு. நேத்து நீங்க பேசுனது எதுவும் எனக்கு விழல."

சக்கரபாணியின் காபி டபராவில் சிந்தியது.

"எதுவுமா? பிரான்சுகூடவா?"

"அதுந்தான்."

"மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். "பீரங்கிக்குப் பக்கத்துல நின்னவன் நான். சொல்லியிருந்தா கத்தியிருப்பனேய்யா!"

பிறகு இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "கேக்காம ஆட்டுன தலைய நான் சம்மதமா எடுத்துக்க மாட்டேன். உங்களுக்கு மனசில்லன்னா விட்டுடலாம்."

வடிவேலுக்குப் போன உயிர் திரும்பியது. ஆறிய இட்லிகூட ருசித்தது. "கேட்டியாம்மா? நீ எங்கேயும் போவ வேணாம்" என்று மகளைப் பார்த்தார்.

சந்திரகலா இலையில் கைவைக்கவே இல்லை.

"நேத்து நீ சரின்னதும் எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமாப்பா? நான் போறேன்."

ஓட்டலில் சத்தமே இல்லை. வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. அவள் உதட்டில் ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. ஆனாலும் வடிவேல், "இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார்.

அவள் சொன்னாள், அப்பாவுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று வாயை அகலத் திறந்து.